நான்கு கட்டில் அறை: ஒன்ராறியோவின் பராமரிப்பு இல்லங்களில் பெருந்தொற்று விட்டுச்சென்ற கேள்விகள்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடிய சுகாதாரத் தகவல் நிறுவனம் ஓர் ஒப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டு மே 25 வரை கனடாவில் கோவிட்-19ஆல் இறந்தவர்களில் 81 சதவீதத்தினர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த முதியவர்கள் என்றும், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற செல்வந்த நாடுகளில் இந்தப் பங்கு சராசரியாக 38 சதவீதம் மட்டுமே என்றும் அந்த அறிக்கை கூறியது. மருத்துவரைப் பார்க்கவும் மருத்துவமனையில் படுக்கவும் எவரும் பணம் கட்டத் தேவையில்லாத நாடு, 2003இல் சார்ஸ் நோயால் அடிபட்டுப் பாடம் கற்றுக்கொண்டதாக நம்பப்பட்ட நாடு, இந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது எப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து பல விசாரணைகளுக்கும் ஆய்வுகளுக்கும் பொருளாகியிருக்கிறது.

இந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். முதல் அலையில் இல்லங்களுக்கு வெளியே வாழ்ந்த மக்களிடையே கனடாவில் மரணங்கள் ஒப்பீட்டளவில் குறைவாக இருந்தன. வெளியே குறைந்தால் உள்ளேயிருப்பதன் விகிதம் தானாகவே கூடும். அப்படித் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சுவது சிறியதல்ல. ஊரை ஓரளவு காப்பாற்ற முடிந்த ஒரு சமூகம், ஒரே கூரையின் கீழ் இருந்த, யார் யார் என்று பெயர் சொல்லத் தெரிந்த முதியவர்களைக் காப்பாற்ற முடியாமல் போனது என்பதே அந்த எண் சொல்லும் செய்தி.

மக்கள்தொகையில் கனடாவின் மிகப் பெரிய மாகாணமான ஒன்ராறியோவில் இத்தகைய இல்லங்கள் 626 இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 78,000 முதியவர்கள் வாழ்ந்தார்கள். கவனிக்க ஆளில்லாதவர்கள் சென்று சேரும் இடமாகத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ நாம் அறிந்த முதியோர் இல்லத்தை மனதில் வைத்துக்கொண்டு இவற்றை நினைக்கக் கூடாது. இவை மாகாண அரசின் உரிமம் பெற்றவை. பராமரிப்புச் செலவை அரசு ஏற்கிறது, தங்குமிடக் கட்டணத்தை முதியவரோ குடும்பமோ செலுத்துகிறது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பான்மையோர் எண்பதைக் கடந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் மறதிநோய் உள்ளவர்கள். குளிப்பதற்கும் உடுத்துவதற்கும் உண்பதற்கும் இன்னொருவரின் கை தேவைப்படுகிறவர்கள். இடம் கிடைப்பதற்கே பல ஆயிரம் பேர் காத்திருக்கும் வரிசை உண்டு. இல்லங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இலாப நோக்குள்ள நிறுவனங்களும், மீதியை அறக்கட்டளைகளும் நகராட்சிகளும் நடத்துகின்றன.

எச்சரிக்கை வராமல் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கேர்க்லண்ட் என்ற ஊரின் பராமரிப்பு இல்லத்தில் நோய் பரவிய செய்தி பிப்ரவரி கடைசியிலேயே உலகெங்கும் தெரிந்துவிட்டது. அங்கே ஆய்வு செய்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நோய் அறிகுறியோடு வேலைக்கு வந்த பணியாளர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்த பணியாளர்களும் பரவலுக்கு வழி செய்தார்கள் என்று மார்ச் மாதத்திலேயே எழுதியது. கனடாவின் முதல் கோவிட் மரணமும் ஓர் இல்லத்தில்தான் நிகழ்ந்தது: மார்ச் 8, வடக்கு வான்கூவரில் உள்ள லின் வேலி. மார்ச் முடிவதற்குள் ஒன்ராறியோவின் பாப்கேஜன் என்ற சிற்றூரில், 65 கட்டில்கள் கொண்ட ஓர் இல்லத்தில் மரணங்கள் தொடங்கின. சில வாரங்களில் அங்கே இறந்தோர் முப்பதை நெருங்கினார்கள்.

மார்ச் 30 அன்று மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், முதியவர்களைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்றை அமைப்பதாக அறிவித்தார். எல்லா இல்லங்களிலும் எல்லாப் பணியாளர்களும் எந்நேரமும் முகக்கவசம் அணிய வேண்டும் என்ற உத்தரவு ஏப்ரல் 8இல்தான் வந்தது. ஒரு பணியாளர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற உத்தரவு ஏப்ரல் 14இல் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 22இல் நடைமுறைக்கு வந்தது. சில நாட்களுக்கு ஒருமுறை இருமடங்காகும் ஒரு தொற்றில் மூன்று வாரம் என்பது என்ன என்று விளக்கத் தேவையில்லை. அதற்கு முன்பே மருத்துவமனைகள் இத்தாலியைப் பார்த்துப் பயந்து, அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்துக் கட்டில்களைக் காலி செய்து தயாராக நின்றன. நோயாளர் வெள்ளம் மருத்துவமனைக்குத்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முகக்கவசமும் மேலங்கியும் பரிசோதனை வசதியும் அந்தத் திசையிலேயே போயின.

பின்னர் வந்த ஆய்வுகளில் மிக முக்கியமானது என்று நான் கருதுவது, ஒன்ராறியோ இல்லங்களின் முதல் அலைத் தரவுகளைக் கொண்டு 2020இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. ஓர் இல்லத்துக்குள் தொற்று நுழையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அந்த வட்டாரத்தில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதே. ரொறன்ரோவின் நெரிசலான புறநகர் ஒன்றில் இருந்தால் ஆபத்து கூடுதல், வடக்கே காட்டோரச் சிற்றூரில் இருந்தால் குறைவு. ஆனால் நுழைந்த பிறகு எத்தனை பேரைத் தொற்றும், எத்தனை பேரைக் கொல்லும் என்பது வேறு காரணங்களைப் பொறுத்திருந்தது: கட்டடம் எந்தக் காலத்து வடிவமைப்பு, அதை நடத்துவது யார். தொற்று வருவதை ஊர் தீர்மானித்தது, சேதத்தின் அளவை இல்லம் தீர்மானித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் பராமரிப்பை மேம்படுத்துவது பற்றிப் பேசும் எவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், வாசலில் உடல்வெப்பம் பார்ப்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதலில் கட்டடம். ஒன்ராறியோவின் பழைய இல்லங்கள் 1972ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டப்பட்டவை. அந்த விதிகள் ஓர் அறையில் நான்கு கட்டில்களை அனுமதித்தன. அறையின் நான்கு மூலையில் நான்கு கட்டில். ஒவ்வொன்றையும் சுற்றிக் கூரையிலிருந்து தொங்கும் ஒரு துணித்திரை. நால்வருக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. திரையை இழுத்தால் பார்வை மறையும், இருமல் மறையாது. காலையில் பணியாளர் முதல் கட்டிலில் இருப்பவரைத் துடைத்துச் சுத்தம் செய்து, உடை மாற்றி, தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். நான்கு பேரும் முடிவதற்குள் அவருடைய மேலங்கி நான்கு பேரையும் தொட்டிருக்கும். இவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மற்ற மூவரை எங்கே கொண்டுபோவது? வரிசை நீண்டிருக்கும் அமைப்பில் காலி அறை என்று ஒன்று இருப்பதில்லை. தனிமைப்படுத்துங்கள் என்ற சுற்றறிக்கை வந்த நாளில் பல இல்லங்களுக்கு அதைச் செய்ய இடமே இல்லை என்பதுதான் நடைமுறை உண்மை.

இதன் விளைவைக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள். ஒன்ராறியோவின் 618 இல்லங்களை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் ஒன்றில் 2020 நவம்பரில் வெளியான ஆய்வு, ஓர் அறைக்கும் ஒரு கழிப்பறைக்கும் சராசரியாக எத்தனை பேர் என்பதை வைத்து இல்லங்களை இரண்டாகப் பிரித்தது. நெரிசல் குறைந்த இல்லங்களில் 4.5 சதவீதத்தினருக்குத் தொற்று ஏற்பட்டது. நெரிசல் மிகுந்தவற்றில் 9.7 சதவீதம். மரணங்களும் அதே போக்கில் 1.3 சதவீதமும் 2.7 சதவீதமுமாக இருந்தன. நான்கு கட்டில் அறைகள் எல்லாவற்றையும் இரண்டு கட்டில் அறைகளாக மாற்றியிருந்தால் அந்த முதல் சில வாரங்களில் 998 தொற்றுகளையும் 263 மரணங்களையும் தவிர்த்திருக்கலாம் என்று அந்த ஆய்வின் மாதிரிக் கணக்கு கூறியது. அதற்கு ஏறத்தாழ 30,000 புதிய கட்டில்கள் தேவைப்பட்டிருக்கும். 1990களின் இறுதியிலேயே புதிய கட்டடங்களில் ஓர் அறைக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று மாகாணம் விதியை மாற்றிவிட்டது. பழைய கட்டடங்கள் மட்டும் இருபது ஆண்டுகளாக அப்படியே விடப்பட்டன. மாற்றிக் கட்டுவதற்கான மானியம் போதவில்லை என்று உரிமையாளர்கள் சொன்னார்கள், மாறி மாறி வந்த அரசுகள் கேட்டுக்கொண்டிருந்தன.

கட்டடத்தைவிடக் கடினமானது ஆட்களின் பிரச்சினை. ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் பி.எஸ்.டபிள்யூ வேலை என்றால் விளக்கம் தேவைப்படாது. இல்லங்களில் முதியவரின் உடலைத் தொட்டுச் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் இந்தத் தனிநபர் பராமரிப்புப் பணியாளர்களே. மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிலிப்பைன்ஸ், கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்கா, தெற்காசியா ஆகிய இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம். இவர்களில் பாதிக்கும் குறைவானோருக்கே முழுநேர வேலை இருந்தது. பகுதிநேரப் பணியாளருக்குச் சலுகைகள் குறைவு, சம்பளத்தோடு கூடிய சுகயீன விடுப்பு பெரும்பாலும் கிடையாது. அதனால் நிர்வாகத்துக்குப் பகுதிநேரம் மலிவு. காலை 7 மணி முதல் 3 மணி வரை ஓர் இல்லத்தில், அங்கிருந்து பேருந்து பிடித்து மாலை முறைக்கு இன்னோர் இல்லத்தில், வார இறுதியில் மூன்றாவது இடத்தில் என்று வாழ்க்கையை ஒப்பேற்றியவர்கள் தங்கள் விருப்பத்தினால் அப்படி அலையவில்லை. லேசான தொண்டைவலியோடு வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் வைத்திருந்துவிட்டு, அறிகுறி இருந்தால் வர வேண்டாம் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டுவது யாரை ஏமாற்றுவதற்கு என்று தெரியவில்லை.

இங்கேதான் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தருகிறது. அங்கே மாகாணப் பொதுச் சுகாதார அதிகாரி பொனி ஹென்றி, ஒரு பணியாளருக்கு ஓர் இல்லம் என்ற உத்தரவை மார்ச் மாத இறுதியிலேயே பிறப்பித்தார். அந்த மாகாண அரசு உத்தரவோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த இல்லத்தில் வேலை செய்தாலும் பொதுத்துறைத் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் ஊதியமே கிடைக்கும்படி உயர்த்தி, தேவையான வேலைநேரமும் கிடைக்க வழி செய்தது. இரண்டு இல்லங்களில் ஒன்றை விட்டால் வாடகை கட்ட முடியாது என்ற நிலை இருந்தால் உத்தரவு தாளில் மட்டும் இருக்கும். ஒன்ராறியோ மணிக்கு 4 டாலர் தற்காலிக ஊதிய உயர்வைக் கொடுத்தது. ஆனால் ஆள்வழங்கும் முகவர் நிறுவனங்கள் மூலம் வந்தவர்களை உத்தரவிலிருந்து விலக்கியது. ஆகவே நிரந்தரப் பணியாளர் நோயுற்று விடுப்பில் போக, அந்த இடத்தை நிரப்ப வந்தவர் நேற்று வேறோர் இல்லத்தில் இருந்தவராக இருக்கலாம் என்ற விசித்திரமான நிலை தொடர்ந்தது.

இரு மாகாணங்களையும் ஒப்பிட்ட ஆய்வு, 2020 செப்டம்பர் வரை ஒன்ராறியோவில் இல்லவாசிகளில் 7.6 சதவீதத்தினருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1.7 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டதாகக் கண்டது. அங்கே ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 3.25 மணி நேர நேரடிப் பராமரிப்பு கிடைத்தது, இங்கே 2.71 மணி நேரம்; அங்கே பகிர்ந்த அறைகளில் இருந்தோர் 24 சதவீதம், இங்கே 63. இவ்வளவு வேறுபாடுகள் சேர்ந்து நிற்கும்போது எது எவ்வளவு காரணம் என்று நறுக்கிக் காட்ட முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: இவை எதுவும் வைரஸ் வந்த பிறகு தோன்றிய வேறுபாடுகள் அல்ல.

ஆட்பற்றாக்குறை எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்குக் கியூபெக்கின் டோர்வால் நகரில் இருந்த ஹெரோன் இல்லம் கொடிய சான்று. தொற்றும் அச்சமும் பரவப் பணியாளர்கள் வராமல் போக, உதவிக்குச் சென்ற சுகாதாரத் துறையினர், மாற்றப்படாத அணையாடைகளோடும் உணவும் தண்ணீரும் இன்றியும் கிடந்த முதியவர்களைக் கண்டார்கள். சில வாரங்களில் அங்கே 31 பேர் இறந்திருந்தது 2020 ஏப்ரலில் வெளியே தெரிந்தது. அவர்களில் பலரைக் கொன்றது கோவிட் மட்டும்தானா, கவனிப்பார் இல்லாமையுமா என்ற கேள்வியை மரண விசாரணை அதிகாரி பின்னர் விரிவாக ஆராய வேண்டியதாயிற்று. அந்த மாகாணம் அதன்பின் செய்த ஒன்று பாராட்டத்தக்கது. 10,000 பேரைச் சேர்த்து, பயிற்சிக் காலத்திலும் ஊதியம் கொடுத்து, மூன்று மாதத்தில் பராமரிப்புப் பணியாளர்களாக்கும் திட்டத்தை 2020 ஜூனில் தொடங்கியது. அவசரமாகப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள் என்ற குறை சொல்லப்பட்டாலும் இரண்டாம் அலைக்கு முன் இல்லங்களுக்குள் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்ராறியோ அந்தக் கோடைகாலத்தில் அப்படி எதையும் அந்த அளவில் செய்யவில்லை.

ஒன்ராறியோவில் ஆட்கள் தீர்ந்துபோன ஐந்து இல்லங்களுக்குக் கனடிய ஆயுதப் படையினர் அனுப்பப்பட்டார்கள். அவற்றில் ஒன்று ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருந்தது. அவர்கள் எழுதிய அறிக்கை மே 26 அன்று வெளியானபோது நாடே அதிர்ந்தது. உதவி கேட்டு இரண்டு மணி நேரம் வரை கூப்பிட்டும் ஒருவரும் வராதது, படுத்த நிலையிலேயே உணவூட்டி மூச்சடைத்தது, கரப்பான் பூச்சிகள், ஒருவருக்குப் பயன்படுத்திய கருவிகளைச் சுத்தம் செய்யாமல் இன்னொருவருக்குப் பயன்படுத்தியது, தொற்றுள்ளவர் மற்றவர்களிடையே நடமாடியது என்று அந்த அறிக்கை நீள்கிறது. அதைக் கவனமாகப் படித்தால், கோவிட்டோடு நேரடித் தொடர்பே இல்லாத குறைகள் பாதிக்கும் மேல் என்பது தெரியும். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் படுத்தவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும் எந்த ஆண்டிலும் செய்ய வேண்டியவை. படையினர் கண்டதை ஆய்வாளர்கள் முன்பே கண்டிருக்க வேண்டும்; ஆனால் மாகாண அரசு ஒவ்வோர் இல்லத்துக்கும் ஆண்டுதோறும் நடத்திவந்த முழுமையான ஆய்வை 2018க்குப் பிறகு ஏறக்குறையக் கைவிட்டிருந்தது. 2019இல் 626 இல்லங்களில் அத்தகைய ஆய்வு நடந்தது ஒன்பதில் மட்டுமே. மற்றவற்றுக்கு யாராவது முறைப்பாடு செய்தால்தான் ஆள் வரும். மறதிநோயாளி எப்படி முறைப்பாடு செய்வார்?

இலாப நோக்குள்ள இல்லங்கள் பற்றிய விவாதம் இந்த இடத்தில் சூடுபிடிப்பது இயல்பு. முன்னே சொன்ன கனடிய ஆய்வின்படி, தொற்று நுழைவதில் இலாப இல்லங்களுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு இல்லை. நுழைந்த பிறகு பரவிய அளவு இலாப இல்லங்களில் ஏறத்தாழ இருமடங்கு. அதற்கான விளக்கம் பெருமளவு இரண்டு விஷயங்களில் அடங்கியது: அவற்றின் கட்டடங்கள் பழையவை, அவை பெரிய சங்கிலி நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. இலாபம் என்ற சொல்லையே குற்றவாளியாக்குவோரும், கட்டடம் பழையது என்பதால் உரிமையாளருக்குப் பொறுப்பில்லை என்போரும் இந்த முடிவில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பங்குதாரருக்கு ஆதாயம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே நான்கு கட்டில் அறைகளை இருபது ஆண்டுகள் வைத்திருந்தது ஒரு வணிக முடிவு என்பதும், அந்த முடிவுக்கு உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது அரசு என்பதும் என் கருத்து.

எல்லா இடமும் இப்படியே போகவில்லை. கிங்ஸ்டன் நகரின் பொதுச் சுகாதாரப் பிரிவு, அப்போது அதன் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கியரன் மூரின் வழிகாட்டலில், தொற்று வருவதற்கு முன்பே தன் ஆய்வாளர்களை வட்டாரத்து இல்லங்களுக்கு அனுப்பியது. கை கழுவும் வசதி எங்கே, மேலங்கியை எங்கே அணிந்து எங்கே கழற்றுகிறார்கள், நோயுற்றவரை எந்த அறைக்கு மாற்றுவார்கள் என்று நேரில் நின்று பார்த்துத் திருத்தினார்கள். முதல் அலையில் அந்த வட்டார இல்லங்கள் கோவிட்டுக்கு ஒரு முதியவரையும் இழக்கவில்லை. ஊரில் தொற்று குறைவாக இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் குறைவிலேயே மற்ற இடங்களில் தீ பிடித்திருக்கிறது. மேலங்கியைக் கழற்றும் ஒழுங்கு சுற்றறிக்கையால் கைவராது. கையுறையை முதலில் உருவி, கை சுத்தம் செய்து, மேலங்கியை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி, மீண்டும் கை சுத்தம் செய்து, கடைசியில் முகக்கவசத்தைக் காதுப்பட்டியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். பத்துப் பேரைக் கவனிக்கும் ஒருவர் அதை ஒரு வேலைமுறைக்குள் பல தடவை செய்வதற்கு, சொல்லிக்கொடுக்க ஆளும் செய்ய நேரமும் வேண்டும். மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் இருக்கிறார்கள். இல்லங்கள் பலவற்றில் அந்தப் பொறுப்பு, ஏற்கெனவே நான்கு பொறுப்புகளைச் சுமக்கும் ஒரு தாதியின் தலையில் ஐந்தாவதாக ஏற்றப்பட்டிருந்தது.

முதியவரிடம் நோயைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் தவறியது. காய்ச்சலும் இருமலும் இருந்தால் பரிசோதனை என்பதே தொடக்க விதி. வயதானவர்களிடம் கோவிட் பல நேரம் காய்ச்சலாக வருவதில்லை. திடீர்க் குழப்பம், உணவில் வெறுப்பு, நிலை தடுமாறி விழுதல் என்றே தலைகாட்டும். அமெரிக்காவின் கிங் கவுண்டியில் ஓர் இல்லம் முழுவதையும் பரிசோதித்தபோது தொற்று உறுதியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. சார்ஸ் பற்றி விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்பெல் வலியுறுத்தியது முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை: ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைக்கு அறிவியல் உறுதிப்பாடு வரும்வரை காத்திருக்கக் கூடாது. சார்ஸுக்குப் பின் ஒன்ராறியோ வாங்கிச் சேர்த்த 5.5 கோடி என்-95 முகக்கவசங்கள் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமலே போயின. அதே கோட்பாட்டை நினைவூட்டவே 2021இல் இன்னோர் ஆணையம் தேவைப்பட்டது.

குடும்பங்களை வெளியே நிறுத்தியது தனியாகப் பேச வேண்டியது. மார்ச் நடுப்பகுதியில், இறக்கும் தறுவாயில் உள்ளவர்களின் உறவினர் தவிர, பார்க்க வருவோர் அனைவருக்கும் கதவு மூடப்பட்டது. அந்த முதல் வாரங்களின் அறியாமையில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நாள்தோறும் மதியம் வந்து தாய்க்கு ஊட்டிவிட்டுப் போகும் மகளை, எப்போதாவது பூங்கொத்தோடு வருகிறவரின் கணக்கில் சேர்த்ததுதான் பிழை. ஆள் போதாத இல்லங்களில் உணவூட்டுவதையும் நடக்கவைப்பதையும் ஊதியமின்றிச் செய்துவந்தவர்கள் இந்த உறவினர்கள். அவர்களை நிறுத்திய அதே வாரத்தில் பணியாளர்களும் குறைந்தார்கள். மறதிநோய் முற்றும்போது பின்னாளில் கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுபோய்த் தாய்மொழி மட்டும் மிஞ்சுவது பலருக்கு நிகழ்வது. ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இல்லங்களுக்குப் போயிருக்கும் நம்மவர்களுக்குத் தமிழ் பேசும் ஒரே ஆள் அந்த மகளோ மகனோ ஆக இருக்கும் நிலையில், கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைப்பது அதற்கு ஈடாகாது. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடச் சொல்ல முடியாமல் போவது பராமரிப்புக் குறைபாடே.

நெதர்லாந்து இதே தடையை மார்ச் 20இல் விதித்துவிட்டு, மே 11 முதல் 26 இல்லங்களில் கட்டுப்பாடுகளோடு கதவைத் திறந்து என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்களைக் கொண்டு பார்த்தது. தொடக்க வாரங்களில் புதிய தொற்று வரவில்லை. முதியவர்களின் மனநிலை தேறியது. அதை வைத்துப் படிப்படியாக மற்ற இல்லங்களையும் திறந்தார்கள். ஒன்ராறியோ செப்டம்பரில்தான் ஒவ்வொரு முதியவருக்கும் இரண்டு இன்றியமையாத பராமரிப்பாளர்களைக் குறிப்பிட அனுமதித்தது. பயிற்சியும் முகக்கவசமும் கொடுத்து, பணியாளரைப் போலவே பரிசோதித்து, நோய் பரவும் காலத்திலும் உள்ளே அனுமதிப்பது என்ற இந்த ஏற்பாடு, பெருந்தொற்று தந்த நல்ல மாற்றங்களில் முதன்மையானது என்பேன். செலவும் குறைவு.

இரண்டாம் அலை வருவதற்கு ஒரு கோடைகாலம் முழுவதும் இருந்தது. இருந்தும் ஒன்ராறியோ இல்லங்களில் முதல் அலைக்குச் சற்றும் குறையாத மரணங்கள் மீண்டும் நிகழ்ந்தன. ஸ்காபரோவின் டெண்டர்கேர் இல்லத்தில் மட்டும் அந்தக் குளிர்காலத்தில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தடுப்பூசி வந்தபோதும் தாமதம் தொடர்ந்தது. 2020 டிசம்பர் 14 அன்று கியூபெக், ஊசியை இல்லத்துக்கே கொண்டுபோய் 89 வயது மூதாட்டிக்குப் போட்டது. அதே நாளில் ஒன்ராறியோவில் முதல் ஊசி பெற்றவர் ஓர் இல்லப் பணியாளர். அவர் மருத்துவமனை வலையமைப்பின் ஊசி மையத்துக்கு வர வேண்டியிருந்தது. கடுங்குளிரில் வைக்க வேண்டிய ஃபைசர் மருந்தை இடம்விட்டு இடம் நகர்த்துவதில் இருந்த தயக்கத்தால், மாத முடிவில் மொடேர்னா வந்த பிறகே ஊசிகள் இல்லங்களுக்குள் போகத் தொடங்கின. போய்ச் சேர்ந்தபின் சில வாரங்களில் மரணங்கள் செங்குத்தாக இறங்கின.

இல்லத்துக்குள் எல்லா ஒழுங்குகளும் சரியாக இருந்தாலும் தடுப்பூசி இல்லாமல் போதாது என்பதற்கு ஹாங்காங் சான்று. சார்ஸுக்குப் பிறகு ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலர், சேமிப்பில் முகக்கவசம், தொற்றியவரை உடனே மருத்துவமனைக்கு மாற்றுதல் என்று கட்டமைத்திருந்த அந்த நகரம் 2020இல் உலகுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. 2022 தொடக்கத்தில் ஒமிக்ரோன் திரிபு வந்தபோது இல்லவாசிகளில் பெரும்பான்மையோர் ஊசி போடாமலே இருந்தார்கள். பக்கவிளைவுக்குப் பயந்த குடும்பங்களின் தயக்கத்தை எவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கவில்லை. அந்த அலையில் இறந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள்.

நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ தலைமையிலான ஒன்ராறியோ ஆணையம் 2021 ஏப்ரல் 30இல் அறிக்கையை ஒப்படைத்தபோது, மாகாண இல்லங்களில் இறந்த முதியவர்களின் தொகை 4,000ஐ நெருங்கியிருந்தது. முதல் அலைக்குப் பின்னர் பல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஓர் அறைக்கு இருவருக்கு மேல் புதிதாகச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. முந்தைய 4 டாலர் உயர்வுக்குப் பின் பணியாளருக்குத் தரப்பட்ட மணிக்கு 3 டாலர் ஊதிய உயர்வு நிரந்தரமாக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒவ்வோர் இல்லத்திலும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குத் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்றும், நாளொன்றுக்கு நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பை 2025 மார்ச்சுக்குள் எட்ட வேண்டும் என்றும் கூறியது. இன்னொரு பக்கம், 2020 நவம்பரில் நிறைவேறிய வேறொரு சட்டம், கடுமையான அலட்சியத்தை நிரூபித்தாலன்றி இல்லங்கள் மீது கோவிட் வழக்கு வெல்ல முடியாது என்று ஆக்கிவிட்டது. 2023 ஜனவரியில் வந்த தேசியத் தர வரையறைகள் நன்றாக எழுதப்பட்டவை. ஆனால் அவற்றைப் பின்பற்றுவது மாகாணங்களின் விருப்பம்.

நான்கு மணி நேரம் என்ற இலக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது மாகாணத்தின் எல்லா இல்லங்களையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி. நல்ல ஊதியம் தரும் ஒரு நகராட்சி இல்லம் நாலரை மணி நேரம் கொடுத்து, ஆள் நிற்காத ஒரு பழைய இல்லம் மூன்றரை மணி நேரம் கொடுத்தாலும் இலக்கு எட்டியதாகிவிடும். இந்த இரண்டாவது இல்லமே 2020இல் முதலில் நிலைகுலைந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே இலக்கை இல்லத்துக்கு இல்லம் கட்டாயமாக்கி, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் கொடுத்தது, அதில் எவ்வளவு முழுநேரப் பணியாளரால், எவ்வளவு முகவர் நிறுவன ஆட்களால் என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை வாசலிலும் இணையத்திலும் வெளியிடச் செய்வதே அடுத்த படியாக இருக்க வேண்டும். காத்திருக்கும் பட்டியலில் பெயர் கொடுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதோடு இந்த எண்ணையும் கேட்கும் உரிமை உண்டு.